பாட்டுக்காரி: பொருள் மூன்று

பிப்ரவரி 3

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. நான், மனைவி, குழந்தை மூவரும் நலம். உங்கள் தொண்டை எப்படி இருக்கிறது? கரகரப்பு விடவில்லை என்று போன கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். வாரத்துக்கு நான்கு நாள் மேடை ஏறுகிறவர் ஐஸ் தண்ணீர் குடிக்கலாமா?

இந்த முறை ஒரு காரியமாக எழுதுகிறேன். எங்கள் அகராதி அலுவலகத்தில் 'பா' வரிசை நடக்கிறது. 'பாட்டி' நேற்று முடிந்தது. அடுத்து 'பாட்டு', அதன் வால் பிடித்துக்கொண்டு 'பாட்டுக்காரர்', 'பாட்டுக்காரி'. பழைய பதிப்பில் 'பாட்டுக்காரி: பாடுபவள்' என்று ஒரே வரிதான் இருக்கிறது. எங்கள் தலைமைப் பதிப்பாசிரியருக்கு நாங்கள் வைத்த பெயர் கத்தரிக்கோல். எதைக் கொடுத்தாலும் பாதியை வெட்டிவிடுவார். அவரே இதைப் பார்த்து, "இது பத்தாதுய்யா. யாரு, யாரை, எப்போ அப்படிக் கூப்பிடறாங்க? கேட்டு எழுது" என்றார்.

மெல்லிசைக் குழுவில் பதினேழு வருடமாகப் பாடும் அக்கா இருக்கும்போது நான் வேறு யாரிடம் போய்க் கேட்பது? உங்களை யார் எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று காதில் விழுந்தபடியே எழுதி அனுப்புங்கள். அழகுபடுத்த வேண்டாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
தம்பி

பிப்ரவரி 17

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. தொண்டை பரவாயில்லை. ஐஸ் தண்ணீரை விட்டு ஒரு வாரமாகிறது, எத்தனை நாளைக்கோ. மருமகளுக்கு என் முத்தம்.

அகராதிக்காரருக்கு அக்கா ஞாபகம் வர 'பா' வரிசை வரவேண்டியிருக்கிறது! போகட்டும், கேட்டதற்கு வருகிறேன்.

போஸ்டரில் நான் 'பாடகி'. மைக் பிடித்து அறிவிக்கிறவருக்கு 'இன்னிசைக் குயில்'. போன மாதம் மூக்கடைத்துக்கொண்டு பாடினேன், அன்றும் குயில்தான். அரங்கத்து மேனேஜர் நீட்டும் படிவத்தில் 'கலைஞர், பெண், ஒன்று'. எங்கள் கிட்டார்காரருக்கு வெறும் 'ஃபீமேல்'. "ஃபீமேல் வந்தாச்சா, ஆரம்பிக்கலாமா?" என்பார். அவர் நல்ல மனுஷன், கெட்ட எண்ணமில்லை.

'பாட்டுக்காரி' தெருவில் கேட்கும் சொல். கூரியர் கொண்டுவருகிறவருக்குக் கீழ்வீட்டுக்காரர் வழி சொல்வார்: "மூணாவது மாடி, பாட்டுக்காரி வீடு." அதில் இனிப்பும் இல்லை, கசப்பும் இல்லை. தச்சர் வீடு, டாக்டர் வீடு என்பது மாதிரிதான்.

இதற்கு முன் ஒரு வீடு பார்க்கப் போனேன். வீட்டுக்காரம்மா சாவியை என் கையில் கொடுத்துவிட்டுத்தான் கேட்டாள்: "என்ன வேலை பாக்கறீங்க?"

"பாடறேங்க."

"ஸ்கூல்ல பாட்டு டீச்சரா?"

"இல்லீங்க, மேடையில."

சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டு உள்ளே போய்ப் புருஷனிடம் சொன்னாள்: "பாட்டுக்காரியாம்." பாட்டுக்காரியில் இல்லாதது எல்லாம் அந்த 'யாம்'இல் இருந்தது. என்னோடு ஜோடி சேர்ந்து பாடுகிறவரும் பாட்டுக்காரர்தான். அவருக்கு அப்படிச் சொல்லிவிட்டு நாற்காலி எடுத்துப் போடுகிறார்கள்.

அப்பா சொன்னது உனக்கே தெரியும். நான் பெட்டியோடு கிளம்பிய அன்று நீ கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாய். "போறதுன்னா பாட்டுக்காரியாவே போயிடு. மகளா திரும்பி வராதே." அதையும் அந்த வீட்டுக்காரம்மாவுக்குப் பக்கத்தில் போட்டுக்கொள்.

வேளைக்குச் சாப்பிடு. கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே.

உன் அக்கா

மார்ச் 5

அன்புள்ள அக்காவுக்கு,

வீட்டில் எல்லோரும் நலம். குழந்தைக்கு முன்பல் விழுந்துவிட்டது. 'ச' வரும் சொல்லையெல்லாம் ஊதித் தள்ளுகிறாள். உங்களுக்கும் முழு நலம் வரவேண்டும்.

உங்கள் கடிதத்தை அலுவலகத்தில் வாய்விட்டுப் படித்தேன். கத்தரிக்கோலே சிரித்துவிட்டார். 'ஃபீமேல்' இந்த வரிசையில் வராதே என்று அவருக்கு வருத்தம்.

நீங்கள் சொன்னவற்றைச் சீட்டுகளில் எழுதி இழுப்பறையில் போட்டாயிற்று. உள்ளங்கை அளவு அட்டைதான் சீட்டு. மேலே சொல், நடுவில் வாக்கியம், கீழே சொன்னவர் யார், யாரிடம், எந்த நாள் என்று எழுதவேண்டும். ஆதாரச் சீட்டு இல்லாமல் ஒரு பொருளையும் அகராதியில் ஏற்றமாட்டார்கள். இதுவரை பொருள் ஒன்று: பாடுவதைத் தொழிலாகக் கொண்ட பெண். பொருள் இரண்டு: இழிவாக.

"அன்பா யாரும் சொல்றதில்லையா?" என்று கத்தரிக்கோல் கேட்டார். "சொல்வாங்க சார்" என்றேன். "ஆதாரம்?" என்றார். அப்படி உங்களை யாராவது உரிமையோடு, பிரியத்தோடு கூப்பிட்டதுண்டா? என்னிடம் ஒரு வாக்கியம் இருக்கிறது. அதைக் கொடுக்கலாமா என்றுதான் தெரியவில்லை. உங்களிடம் வேறு இருந்தால் அதையே போட்டுவிடலாம்.

அன்புடன்,
தம்பி

மார்ச் 20

அன்புத் தம்பிக்கு,

நலம். பல் விழுந்த மருமகளை அப்படியே ஒரு போட்டோ எடுத்து அனுப்பு, முளைத்துவிடப் போகிறது.

யோசித்து யோசித்துப் பார்த்தேன். ரசிகர்கள் கை கொடுத்திருக்கிறார்கள். ஒருமுறை ஓர் ஆஸ்பத்திரி ஆண்டு விழாவில் ஒரு நர்ஸ் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். ஆனால் இந்தச் சொல்லைப் பிரியமாக, என் காது பட, ஒருவரும் சொன்னதில்லை. சொல்லமாட்டாரா என்று நான் ஏங்கியது ஒரே ஒருவரிடம். கடைசியில் அவர் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரிந்ததெல்லாம் நீ எழுதியதுதான்.

அந்தக் கடிதத்தை இன்னும் வைத்திருக்கிறேன். அக்டோபர் 16 என்று தேதி போட்டிருக்கிறாய். 'அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து இரண்டு வாரமாகிறது. பேச்சு சரியாக வரவில்லை. வருகிறபோதெல்லாம் சொல்வது ஒன்றுதான்: பாட்டுக்காரி இங்கே வரக் கூடாது. இந்த நிலையில் அவரைக் கோபப்படுத்த வேண்டாம் அக்கா.' அதற்கு முன்பே யாரோ சொல்லி எனக்குத் தெரிந்து, பஸ் டிக்கெட் எடுத்துக் கைப்பையில் வைத்திருந்தேன். உன் கடிதத்தைப் படித்துவிட்டுப் பெட்டியில் வைத்த துணிகளைத் திரும்ப எடுத்து மடித்தேன். ஐந்து வாரம் கழித்துத் தந்தி வந்தது. அது வந்த மாலை ஒரு கம்பெனி விழாவில் பாட ஒப்புக்கொண்டிருந்தேன். பாடினேன். பாட்டுக்காரி வேறென்ன செய்வாள்?

பதினோரு வருடமாகிவிட்டது. உன்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. நீ சேதி சொன்னவன்தானே. அவரை ஏழு வாரம் தூக்கி, துடைத்து, ஊட்டிவிட்டவன் நீ. அதற்கு நான் உனக்குக் கடமைப்பட்டவள்.

ஆகவே மூன்றாவது பொருளுக்கு என்னிடம் ஆதாரம் இல்லை. உன்னிடம் இருப்பதைப் போட்டுவிடு. யார் சொன்னது என்று எனக்கும் எழுது, கேட்க ஆசையாக இருக்கிறது.

உன் அக்கா

மே 20

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உங்கள் நலம் அறிய ஆவல். பதில் தாமதமாகிவிட்டது. குழந்தைக்கு இருமல், பிறகு எனக்கு, பிறகு அவள் அம்மாவுக்கு. வெயிலும் அதிகம். அலுவலகத்தில் மின்விசிறியைப் போட்டால் சீட்டுகள் பறக்கின்றன. போடாவிட்டால் நாங்கள் அவிந்துபோகிறோம்.

உங்கள் கடிதத்தைப் படித்தேன். இரண்டு மூன்று தடவை படித்தேன்.

'பா' வரிசை அச்சுக்குத் தயாராகிறது. தகவல் தந்தவர்களுக்கு அச்சுப்படி அனுப்புவது எங்கள் வழக்கம். அதை நான் அனுப்பலாம், வேறு யாராவது அனுப்பலாம்.

போட்டோ அடுத்த கடிதத்தில். தொண்டையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
தம்பி

ஜூலை 8

மதிப்பிற்குரிய அம்மையாருக்கு,

வணக்கம். தாங்கள் நலமென நம்புகிறேன். நான் உங்கள் தம்பியோடு அகராதி அலுவலகத்தில் மெய்ப்பு பார்ப்பவள். அவர் இரண்டு வாரமாக விடுப்பில் இருக்கிறார். அச்சகத்தார் அவசரப்படுத்துவதால் நானே எழுதுகிறேன்.

'பாட்டுக்காரி' என்ற சொல்லுக்கான பக்கத்தின் படியை இணைத்துள்ளேன். நீங்கள் தந்த வாக்கியங்கள் முதல் இரண்டு பொருள்களுக்கும் பயன்பட்டன, மிக்க நன்றி. மூன்றாவது பொருளுக்கு உங்கள் தம்பி ஒரு பழைய சீட்டைக் கொடுத்திருக்கிறார். அதன் ஓரத்தில் 'அச்சிடுமுன் சம்பந்தப்பட்டவரின் சம்மதம் பெறவும்' என்று எழுதி, உங்கள் விலாசத்தையும் அவரே குறித்திருக்கிறார். ஆகவே சீட்டின் நகலையும் அனுப்புகிறேன்:

பாட்டுக்காரி. (அன்போடு) 'பாட்டுக்காரி... வரச் சொல்லு.'
சொன்னவர்: அப்பா, வயது 66, பஸ் டிரைவர், பக்கவாதத்தில் படுக்கையில்.
யாரிடம்: என்னிடம். அக்காவைக் குறித்து.
நாள்: அக்டோபர் 14.

ஆண்டும் சீட்டிலேயே இருக்கிறது. பதினோரு வருடத்துக்கு முந்தையது. எத்தனையோ ஆயிரம் சீட்டு பார்த்திருக்கிறேன், இதைப் பார்த்ததும் சற்று நேரம் வேலை ஓடவில்லை. கொடுத்துவைத்தவர் நீங்கள். சம்மதமானால் கீழே கையெழுத்திட்டு அனுப்புங்கள்.

இப்படிக்கு,
மெய்ப்பு பார்ப்பவர்

ஜூலை 12

தம்பிக்கு,

உங்கள் அலுவலகத்துப் பெண் ஒரு சீட்டு அனுப்பியிருக்கிறாள். உன் கையெழுத்து. அதை உன் பழைய கடிதத்தோடு சேர்த்து மேஜைமேல் வைத்திருக்கிறேன்.

பதினான்காம் தேதி அப்பா 'வரச் சொல்லு' என்கிறார். பதினாறாம் தேதி நீ எனக்கு 'வரக் கூடாது என்கிறார்' என்று எழுதுகிறாய். இரண்டு நாளில் அவர் மனம் மாறிவிட்டதா? மாறியிருந்தால் அதை எழுது, நம்பிவிடுகிறேன். நம்பத் தயாராக உட்கார்ந்திருக்கிறேன்.

நீ நலமா என்று இப்போது கேட்க வரவில்லை.

அக்கா

ஆகஸ்ட் 19

அக்காவுக்கு,

ஐந்து வாரமாக இந்தக் கடிதத்தை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அவர் மனம் மாறவில்லை. பொய் சொன்னது நான்.

அப்போது நான் அகராதி வேலையில் சேர்ந்து மூன்று மாதம். பேச்சுப் பயிற்சி கொடுக்க ஆஸ்பத்திரியிலிருந்து வாரம் ஒருமுறை ஒரு அம்மா வருவார். "என்னென்ன வார்த்தை வருதுன்னு தேதி போட்டு எழுதி வைங்க தம்பி" என்றார். கையில் வெற்றுச் சீட்டுகள் இருந்தன. அவற்றிலேயே எழுதினேன்.

காலையில் முகம் துடைத்துவிடுவேன். "யாரு?" என்பார். "நான்தாம்ப்பா" என்பேன். என் பெயர் அவருக்கு வரவில்லை. உதட்டைக் குவிப்பார், காற்றுதான் வரும். ஏழு வாரத்தில் ஒருநாள்கூட வரவில்லை. ஆனால் 'பாட்டுக்காரி' வந்தது, அவ்வளவு நீளச் சொல், ஓர் எழுத்து சிதையாமல். அதைச் சொல்லும்போது முகத்தின் கோணல்கூட நேராகும். பயிற்சி கொடுக்கும் அம்மா கை தட்டினார். "யாரு அது? அவங்களை வரவைங்க, பேச்சு சீக்கிரம் திரும்பும்" என்றார்.

நான் மலம் அள்ளினேன். அவர் உங்களைக் கேட்டார். நீங்கள் வந்து வாசலில் நின்றால் நான் அந்த வீட்டில் வேலைக்காரன் ஆகிவிடுவேன் என்று தோன்றியது. ஒரு வாரம், ஒரே ஒரு வாரம், அவர் எனக்கு மட்டும் அப்பாவாக இருக்கட்டும், பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். ஐந்து வாரமும் 'பிறகு' என்றே போய்விட்டது. அதன்பின் எப்படிச் சொல்வது?

அந்தச் சீட்டை நான் கிழித்திருக்கலாம். கிழிக்கவில்லை. அதைத் துணிச்சல் என்று சொல்லிக்கொள்ளமாட்டேன். உங்கள் விலாசத்தை எழுதி மற்ற சீட்டுகளோடு வைத்துவிட்டு, விடுப்பு எழுதிக் கொடுத்து வீட்டில் உட்கார்ந்துகொண்டேன். அவ்வளவுதான் என் துணிச்சல்.

மன்னிக்கச் சொல்லிக் கேட்கிறேன். கேட்கும் தகுதி இல்லை என்று தெரியும்.

தம்பி

செப்டம்பர் 1

தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. மன்னிப்புக் கேட்டிருக்கிறாய். அதை எடுத்து ஓரமாக வைத்திருக்கிறேன். அவசரம் ஒன்றுமில்லை.

உனக்குப் பொறாமை இருந்திருக்கிறது. அது எனக்குப் புரிகிறது. என் பெயரே வராத அப்பாவுக்கு நான் ஊட்டிவிட்டிருந்தால் எனக்கும் வந்திருக்கும். புரியாதது அதற்குப் பின் வந்த பதினோரு வருடம். என் தொண்டையை விசாரித்தாய். பல் விழுந்ததை எழுதினாய். 'உன்மேல் வருத்தமில்லை' என்று நான் எழுதியதை இரண்டு மூன்று தடவை படித்தேன் என்று எழுதினாய். அந்த வரியைப் படித்துவிட்டு நீ மின்விசிறி பற்றி எழுதினாய்.

எத்தனை மேடையில், பாட்டுக்கு நடுவே, 'பெற்ற தகப்பனே வராதே என்றுவிட்டுச் செத்தார்' என்று எனக்குள் ஓடியிருக்கிறது தெரியுமா? ஆள் ஆட, அரங்கு கைதட்ட, உள்ளே அது ஓடும். அதை எழுதிக் கொடுத்தது நீ.

அந்த ஏழு வாரத்துச் சீட்டுகள் உன்னிடம் இருக்கும். அவர் சொன்ன சொல் ஒன்று விடாமல் எனக்கு வேண்டும். நகல் வேண்டாம், அசலே வேண்டும். வெட்டாமல், திருத்தாமல் அனுப்பு.

அக்கா

செப்டம்பர் 16

அக்காவுக்கு,

முப்பத்தொரு சீட்டு. அச்சுக்கென்று கொடுத்திருந்த ஒன்றையும் கேட்டு வாங்கிச் சேர்த்திருக்கிறேன். தேதி வாரியாக அடுக்கியிருக்கிறேன். பார்சலில் நனைந்து எழுத்து கலைந்துவிட்டால் என்ன செய்வது என்று சிலவற்றை இங்கேயும் எழுதுகிறேன்.

'போதும்.' ஊட்டும்போது. தினமும்.

'பாட்டுக்காரி வந்தாளா?' அக்டோபர் 20. கண் விழித்ததும்.

'ரேடியோ.' அக்டோபர் 27. சினிமாப் பாட்டு வைத்தேன். நல்ல காதைத் திருப்பி வைத்துக் கேட்டார். பாடியவள் முடித்ததும் 'இவ இல்ல' என்றார். அதற்குப் பிறகு தினமும் ரேடியோ கேட்டார். தினமும் 'இவ இல்ல'.

'திட்டிட்டேன்.' நவம்பர் 6. அழுதார்.

'எந்த ஸ்டாப்?' நவம்பர் 19, 20, 21.

தம்பி

செப்டம்பர் 22

தம்பிக்கு,

பார்சல் நனையாமல் வந்தது. முப்பத்தொன்றும் இருக்கின்றன, எண்ணிப் பார்த்தேன்.

அரங்குக்குப் பின்னால் உள்ள அறையில், கண்ணாடி முன் உட்கார்ந்து படித்தேன். கிட்டார்காரர் எட்டிப் பார்த்து, "ஃபீமேல், ரெடியா?" என்றவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இன்னைக்கு வேண்டாம்மா, நாங்க பாத்துக்கறோம்" என்றார். பதினேழு வருடத்தில் முதல்முறையாக நான் மேடை ஏறவில்லை. தந்தி வந்த நாளில் செய்திருக்கவேண்டியதை நேற்றுச் செய்தேன்.

உங்கள் அலுவலகத்துப் பெண்ணுக்குக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். மூன்றாவது பொருள் அச்சாகட்டும். அது அவர் சொன்னது, உன்னுடையது அல்ல.

நீ இங்கே வரவேண்டாம். நானும் அங்கே வரமாட்டேன். குழந்தை என்ன பாவம் செய்தாள்? அவள் பெரியவளாகி எழுதினால் பதில் போடுவேன். உனக்கு இதுதான் கடைசி.

ஒன்றே ஒன்று கேட்கவேண்டும். முப்பது வருடம் பஸ் ஓட்டியவர் 'எந்த ஸ்டாப்?' என்று மூன்று நாள் கேட்டிருக்கிறார். புறப்படாதவளை ஒருவர் எந்த ஸ்டாப் என்று ஏன் கேட்கவேண்டும்? அவர் சொன்னதையெல்லாம் எழுதியிருக்கிறாய். நீ சொன்னது ஒன்றுகூட இல்லை. 'பாட்டுக்காரி வந்தாளா?' என்று அவர் கேட்டபோது நீ என்ன பதில் சொன்னாய்?

அதையும் ஒரு சீட்டில் எழுதி அனுப்பு. கடிதம் வேண்டாம்.

அக்கா

செப்டம்பர் 29

'வந்துட்டு இருக்காப்பா.'

சொன்னவன்: நான்.
யாரிடம்: அப்பாவிடம்.
நாள்: அக்டோபர் 16 முதல் நவம்பர் 22 வரை.
எத்தனை முறை: அவர் கேட்ட ஒவ்வொரு முறையும்.
குறிப்பு: கடைசிவரை நம்பினார்.